ஜெயதாஸ் சாருக்கு வந்த பாட்டு

பத்திரகாளி கோயில் உத்சவத்தின் முதல் நாள் காலையில், கட்டிலில் கிடந்த ஜெயதாஸ் சார் வாய் திறந்து பாடினார். புஷ்பபாய் டீச்சர் அப்போது அடுக்களையில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோயில் ஒலிபெருக்கியோடு இன்னொரு குரலும் சேர்ந்து கேட்கிறதே, யார் வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். குரல் தன் வீட்டு உள்ளறையிலிருந்து வருகிறது என்று புரிந்ததும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த மனிதர் நாலு மாசமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போயிற்று. கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பேச்சு மட்டும் வரவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது 'தா' என்கிற ஒரே சத்தம். தண்ணீருக்கும் தா, போர்வைக்கும் தா, ஃபேனை நிறுத்துவதற்கும் தா. எந்தத் தா என்று கண்டுபிடிப்பது டீச்சருக்கு முழுநேர உத்தியோகமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது கூட அவள் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. தப்பித்தவறி வேறு எதையாவது கொண்டுபோய் நீட்டினால் இடது கையால் கட்டிலை அடிப்பார். அடித்துவிட்டு அழுவார். அவர் அழுவதைப் பார்க்கும்போது அவளுக்கு இரக்கமும் எரிச்சலும் சேர்ந்து வரும், எதை முதலில் அடக்குவது என்று தெரியாது.

இப்போது அவர் முழு வார்த்தைகளாகப் பாடிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஒரு குரல், "ஆற்றங்கரை ஆளும் தாயே" என்று நீட்டி நிறுத்தியது. ஜெயதாஸ் சார் கூரையைப் பார்த்தபடி, கொஞ்சமும் குழறாமல், "அருகில் வா அம்மா, அருகில் வா" என்று பாடினார்.

டீச்சர் வாசலில் நின்று மார்பில் கை வைத்தாள். சந்தோஷம் பொங்கியது உண்மைதான். ஆனால் அது அடங்குவதற்கு முன்பே கோபமும் வந்துவிட்டது. கர்த்தரே, இதுக்கு உமக்கு வேற பாட்டே கிடைக்கேல்லியா என்று மனசுக்குள் கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஜெயதாஸ் சார் செங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பழைய மிஷன் சபையின் கொயர் மாஸ்டர். டிரஷரியில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்தே ஞானப்பாட்டும் கீர்த்தனையும் வீட்டு வரவேற்பறையில் வைத்தே நாலு குரலில் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர். பெண்கள் மேலே, டெனர் நடுவில், அடியில் தூண் மாதிரி அவருடைய பேஸ் குரல். அவருக்கு உலகத்தில் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கோயில் பாட்டுதான். வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தென்னையில் கட்டிய கோளாம்பி ஒலிபெருக்கியிலிருந்து தினமும் விடியற்காலையில் அது புறப்பட்டு வரும். பாடியிருப்பவர் கோயில் கமிட்டி பிரசிடண்ட் சுயம்பு. மின்சார வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆகி, இப்போது ரப்பர் ஷீட் கடை வைத்திருப்பவர். அவருடைய பஜனைக் குழு எப்போதோ காசு செலவழித்துப் பதிவு செய்த பாட்டு. பாதி வாயாலும் பாதி மூக்காலும் பாடுவார்.

"ஒருத்தன் கத்துவான், மத்தவன் அதையே திருப்பிக் கத்துவான். இதுல சங்கீதம் எங்க இருக்கு?" என்று ஜெயதாஸ் சார் கேட்பார். அது சுயம்புவின் காதுக்குப் போகும். "அவங்க பாட்டு மட்டும் என்னவாம்? நாலு பேரு நாலு வழியா போய் கடைசியில ஆமென்ல சந்திக்கியதாக்கும்" என்று அவர் சொல்வார். அது இங்கே வந்துசேரும். இப்படி வருஷக்கணக்காக நடந்தது. ஜெயதாஸ் சார் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்ப் புகார் கொடுத்து, பாட்டு ஆறு மணிக்குப் பிறகுதான் என்றும் கோளாம்பி மேற்கே ரப்பர் தோட்டத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றும் ஆக்கினார். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ரப்பர் மரங்களுக்கு அப்படியொன்றும் பெரிதாகக் காது கிடையாது.

அவர் விழுந்த பிறகு சுயம்பு கோளாம்பியை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். சுகமில்லாத ஆள் எதிர்வீட்டில் கிடக்கிறார் என்ற நல்ல மனசு. உத்சவம் வந்ததால் மட்டும் மறுபடி போட்டார்கள். உத்சவம் முடிந்ததும் அந்த நல்ல மனசு திரும்பி வந்துவிட்டது. கோளாம்பி அடங்கியது, ஜெயதாஸ் சாரும் 'தா'வுக்குத் திரும்பினார்.

பெங்களூரிலிருந்து மகள் பின்சி போன் செய்து ஆயிரம் யோசனை சொன்னாள். "மம்மி, அந்தப் பாட்டை யூடியூப்ல தேடிப் போட்டுக் குடு."

"நான் தேடாமலா இருக்கேன் மக்கா? சுயம்புவுக்க மூக்குப் பாட்டை எவன் யூடியூப்ல போடுவான்?"

"அப்பம் அவருட்ட கேளு."

"உனக்க அப்பா அவரு பேருல போலீஸ் ஸ்டேஷன்ல பராதி குடுத்தாரு. நான் போய் உங்க பாட்டைத் தாருங்கண்ணு கேக்கவா?"

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி இடங்களில் மட்டும் லைன் கட் ஆகும்.

டீச்சர் அவரை ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நந்தனா என்ற பெண் அவரைப் பரிசோதித்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள். பேச்சு தலைக்குள் ஒரு பக்கத்தில் இருக்கிறது, பாட்டு பெரும்பாலும் இன்னொரு பக்கத்தைப் பிடித்து வருகிறது, அடிபட்டது இந்தப் பக்கம், அதனால் பாட்டு வழியாகப் பேச்சைக் கொண்டுவரப் பார்க்கலாம் என்று விளக்கினாள்.

"அங்கிள் எந்தப் பாட்டு பாடுனாரு ஆன்ட்டி?"

"ஒரு பக்திப் பாட்டு" என்றாள் டீச்சர்.

"அது மதி, அது போதும். தினமும் முகத்துக்கு நேரா இருந்து நீங்க ஒரு வரி பாடணும். பிறகு நிறுத்தணும். அடுத்த வரியை அங்கிள் பாடணும். போன்ல போட்டுக் கேட்டா போதாது, ஒரு ஆளு முன்னால இருந்து பாடணும். அவருக்கு எந்தப் பாட்டு வருதோ, அதுதான் பாடணும் கேட்டுதா? நமக்குப் பிடிச்ச பாட்டு இல்ல."

கடைசி வாக்கியத்தை அந்தப் பெண் ஏதோ தெரிந்துகொண்டு சொன்ன மாதிரி டீச்சருக்குத் தோன்றியது. ஆட்டோவில் திரும்பும்போது அவளுக்கு அந்தப் பெண் மேலும் கோபம் வந்தது.

ஒரு வாரம் அவள் கீர்த்தனைகளையே முயன்று பார்த்தாள். அவருக்குப் பிடித்தது, கிறிஸ்மஸுக்கு வழக்கமாகப் பாடுவது, கல்யாணத்தில் பாடுவது, அடக்கத்தில் பாடுவது எல்லாவற்றையும் பாடிப் பாடி நிறுத்தினாள். அவர் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சில சமயம் விரல் தாளம் போட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. கடைசியில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி சுயம்பு வீட்டுக்குப் போனாள்.

அவளைக் கேட்டில் பார்த்ததும் சுயம்பு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"டீச்சரே, நான் அண்ணைக்கே சொன்னேன். சாருக்கு சுகமில்ல, சத்தத்தைக் குறையுங்கண்ணு. எனக்க பஜனைக் குழுவில உள்ள இந்த ஷிபுவாக்கும் கேக்காதவன். உத்சவம்லா மாமாண்ணு சொன்னான். இனி போடமாட்டோம். அடுத்த வருஷமும் போடமாட்டோம். தேவி மேல சத்தியமா."

"நான் அதுக்கு வரேல்ல."

"நீங்க ஒண்ணும் பேசாண்டாம் டீச்சரே. எனக்கு மனசிலாச்சு. வேணும்னா அந்தக் கோளாம்பியையே தென்னையில இருந்து எறக்கிடுதேன்."

"ஒரு நிமிஷம் நான் பேச விடுவீரா?" என்றாள் டீச்சர். பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது. சுயம்பு வாயை மூடினார்.

அவள் சொன்னாள். சொல்லும்போது முற்றத்துச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு சுயம்பு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்க பாட்டா?"

"உங்க பாட்டுதான்."

"முழுசும் பாடுனாரா?"

"ரெண்டாம் வரி எல்லாம் பாடுனாரு."

சுயம்புவின் முகம் இரண்டு மூன்று விதமாக மாறியது. இரக்கம் தெரிந்தது. அதன் அடியிலிருந்து பெருமை மெல்ல எட்டிப் பார்த்தது. அவர் அதை அமுக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்பம் சாரு இத்தற வருஷமும் திட்டிக்கிட்டே கவனமா கேட்டிருக்காரு" என்றார்.

டீச்சருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. "அந்தப் பாட்டை ஒரு பென் டிரைவ்ல தந்தா நான் படிச்சுக்கிடுவேன்."

"பென் டிரைவ் என்னத்துக்கு? பாடுன ஆளு ஜீவனோட இங்க நிக்கேன்லா. நாளைக்கு சாயங்காலம் நாங்க வாறோம்."

"நாளைக்கு வேண்டாம். நாளைக்கு எங்க கொயர்ல இருந்து ஜெபத்துக்கு வாறாங்க."

"நாளைக்குத்தானே? வாறோம் டீச்சரே" என்று சொல்லிவிட்டு சுயம்பு, ஆர்மோனியம் எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் கொயர் செக்ரட்டரி விஜயதாஸும் பாடகர்கள் சிலரும் வந்து உட்கார்ந்து, டீச்சர் கொடுத்த சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆர்மோனியத்தோடு சுயம்பு வந்து நின்றார். பின்னால் கஞ்சிராவோடு ஷிபு, கைமணியோடு இன்னொருவர். மூன்று பேரும் குளித்துச் சந்தனம் தொட்டிருந்தார்கள். ஜெயதாஸ் சார் சாய்வு நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொருவராகப் பார்த்தார்.

சண்டை போட்டிருந்தால் கூட டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் மரியாதை செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

"நீங்க பாடுங்க" என்றார் விஜயதாஸ்.

"ச்சே, நீங்கல்லா முதல்ல வந்தது. நீங்க பாடுங்க."

"இல்ல, உங்களுக்குக் கோயில்ல பூஜைக்கு நேரமாகும்."

"பூஜைக்கு ஆளு உண்டு. நீங்க பாடுங்க."

"யாராவது ஒருத்தர் பாடித் தொலையுங்க" என்றாள் டீச்சர். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை.

கொயர் பாடியது. நாலு குரலும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு எழும்பின. சுயம்பு கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து, மனசாரக் கேட்டார். பக்கத்தில் கஞ்சிராவில் விரலைத் தட்டப் போன ஷிபுவை, "எலே, சும்மா இரு" என்று அடக்கினார். முடிந்ததும், "கொள்ளாம், நல்லா இருக்கு. இத்தற பக்கத்துல இருந்து நான் இப்பம்தான் கேக்குதேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போ எல்லாம் கலங்கிப் போகும்" என்றார். பிறகு கேட்டார், "இதுல சாரு எங்க பாடுவாரு?"

"அடியில. பேஸ்" என்றார் விஜயதாஸ்.

"அதை இப்பம் ஆரு பாடுனது?"

விஜயதாஸ் கூட வந்தவர்களைப் பார்த்தார். யாரும் பாடவில்லை. சாரின் இடம் என்று விட்டுவைத்திருந்தார்கள். மரியாதைக்காக விட்டதுதான்.

டீச்சருக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு வாரமாக அவள் அவருக்குப் பாடியதெல்லாம் அவளுடைய பகுதி, மேலே போகிற பெண்குரல் மெட்டு. அந்த மனிதர் வாழ்நாளில் அந்த மெட்டைப் பாடியதே இல்லை. அவருடையது அடியில் ஓடுகிறது. அதுவும் மற்ற மூன்று குரலும் கூடவே ஓடினால்தான் வரும். கொயர்ப் பாட்டு ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி, ஓடத் தெரிந்தவர்கள்தான் ஏறிக்கொள்ள முடியும். நாலு மாசம் கிடந்த ஆளுக்கு யாராவது நிறுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது; கோயில் பாட்டு வரிக்கு வரி நின்று ஏற்றிக்கொண்டது. இவ்வளவையும் யோசித்துப் பார்க்காமல் ஒரு வாரம் தொண்டை வற்றக் கத்தினோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சுயம்பு ஆர்மோனியத்தைத் திறந்து, "ஆற்றங்கரை ஆளும் தாயே" என்று பாடி நிறுத்தினார். மூக்கு அப்படியே இருந்தது, நேரில் இன்னும் பெரிதாகவே இருந்தது. ஆனால் நிறுத்திய இடத்தில் அவர் அவசரப்படவில்லை. கைமணிக்காரர் பாடப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அருகில் வா அம்மா, அருகில் வா" என்றார் ஜெயதாஸ் சார்.

வார்த்தை சுத்தமாக இருந்தது. கொயர்ப் பெண்களில் ஒருத்தி அழுதாள். சுயம்பு அடுத்த வரியைக் கொடுத்தார், சார் வாங்கினார். கொடுத்தார், வாங்கினார். பாட்டு முடிந்ததும் சுயம்பு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஆர்மோனியத்தை மூடினார்.

விஜயதாஸ் டீச்சரை முற்றத்துக்குக் கூப்பிட்டார். "அக்கா, நான் குற்றம் சொல்லேல்ல. நமக்க சபையில பேச்சு வரும். கொயர் மாஸ்டரு காளி பாட்டு பாடுதாருண்ணு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"போதகரு கேட்டா நான் என்ன சொல்லியது?"

"நாலு மாசமாச்சு விஜயதாஸே, அந்த மனுஷன் எனக்க பேரைச் சொல்லி. ராத்திரி பக்கத்துல கிடக்காரு, என்ன நினைக்காருண்ணு எனக்குத் தெரியாது. பசிக்கா, வலிக்கா, எனக்க மேல கோவமா, ஒண்ணும் தெரியாது. நீங்க எல்லாரும் வாறீங்க, ஜெபிக்கீங்க, சாயா குடிக்கீங்க, போறீங்க. ஆளு பேசேல்ல. இப்பம் ஒரு வழி உண்டுண்ணு தெரியும்போ, சபை பேசும்ணு சொல்லுதீரு. முதல்ல அவரு பேசட்டும். பிறகு சபை எத்தற வேணும்னாலும் பேசட்டும்."

"நான் போதகர்ட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன் அக்கா" என்றார் விஜயதாஸ். அதையும் ஒரு பெரிய உபகாரம் மாதிரி சொன்னார்.

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் சுயம்பு அடுத்த உபகாரத்தோடு காத்திருந்தார். நாளையிலிருந்து கோளாம்பியை இந்த வீட்டைப் பார்த்தே திருப்பி வைத்து, காலையும் சாயங்காலமும் போட்டுவிடுகிறாராம்.

"வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ள சொல்லிச்சு, ஆளு முன்னால இருந்து பாடணும்ணு. நீங்க தினமும் வர முடியுமா?"

"கடை உண்டு, ரப்பர் ஷீட் எடுக்க ஒற்றசேகரமங்கலம் வரைக்கும் போவணும். வாரத்துல ஒரு நாளு வாறேன்."

"அப்பம் எனக்குச் சொல்லித் தாரும்."

அப்படித்தான் புஷ்பபாய் டீச்சர், தன் வீட்டு வரவேற்பறையில், சுவரில் தொங்கிய வேதவசனத்தின் கீழே உட்கார்ந்து, பத்திரகாளி கோயில் பாட்டைப் படித்தாள். 'தாயே' என்கிற இடத்தில் ஒரு வளைவு இருந்தது. குரல் மேலே போய், இழைந்து, சுற்றி இறங்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஞானப்பாட்டு பாடிய குரல் அது. நேராக ஏறும், நேராக இறங்கும். சுயம்பு திரும்பத் திரும்பப் பாடிக் காட்டினார். "வளையணும் டீச்சரே." "எனக்கு இப்படித்தான் வரும்" என்றாள் அவள். இவ்வளவு வருஷம் மூக்குப் பாட்டு என்று சிரித்த சமாச்சாரம் இவ்வளவு கஷ்டமா என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு தனியாக அடுக்களையில் நின்று பாடிப் பார்த்தாள். ஒருவழியாக வளைவு பிடிபட்டது.

மறுநாள் காலையில் கஞ்சி கொடுத்து, முகம் துடைத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடி, உமக்கு எல்லாம் தெரியும், இதற்கு மேல் நான் விளக்கமாட்டேன் என்று கர்த்தரிடம் சொல்லிக்கொண்டாள். பிறகு பாடினாள். அவர் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் வளைவெல்லாம் ஓடிப்போய், பாட்டு நேராக வந்தது. நிறுத்தினாள்.

அவர் பாடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியது.

மறுபடியும் பாடினாள். நிறுத்தினாள். ஒன்றும் இல்லை.

"பாடுங்க" என்றாள். "அவரு பாடுனா மட்டும் வாயி திறக்கும், நான் பாடுனா திறக்காதா? உங்களுக்கு வேண்டித்தானே நான் இந்த வயசுல இந்தக் கூத்தெல்லாம் காட்டுதேன். சபைக்காரங்களுக்க வாயில விழுந்தாச்சு. எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் தளர்ந்துபோச்சு பாத்துக்கிடுங்க." உடைந்த குரலிலேயே, வேண்டுமென்றே சத்தமாக, மூன்றாவது தடவையும் பாடினாள். அதுவும் நேராகத்தான் வந்தது.

ஜெயதாஸ் சார் இடது கையைத் தூக்கினார். கொயர் பிராக்டிஸில் பெண்கள் சுருதி விட்டால் பாட்டை நிறுத்துவதற்குத் தூக்குகிற கை அது.

"தப்பு" என்றார்.

ராகம் ஒன்றும் இல்லை. யாருடைய வரியும் இல்லை. அவராகத் தேடி எடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, அவளிடம் சொன்ன வார்த்தை. சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போல, வாய் சற்று நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு அவர், 'தாயே' என்ற இடத்தை மட்டும் மெல்ல, வளைத்து, இறக்கிப் பாடிக் காட்டினார். புரிந்ததா என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

புஷ்பபாய்க்குப் புரிந்தது. முந்தைய நாளே பிடிபட்ட வளைவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று மறுபடியும் நேராகவே பாடினாள்.